பதினோரு நிமிடக் கசப்பு

காலையில் வேலைக்கு வந்ததும் அவர் முதலில் வாய் கொப்பளிப்பார். வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முறை. பிறகு ஒரு துண்டு வெறும் ரொட்டியை நன்றாக மென்று துப்புவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் தன்னைப் பார்க்கும்படி மேசையில் சாய்த்து வைப்பார். கண்ணாடிக் குச்சியின் நுனியைத் தண்ணீரில் நனைத்துப் பொடியில் ஒற்றி, நாக்கின் பின்புறம், இடது ஓரத்தில் வைப்பார். எப்போதும் இடது ஓரம்தான். வலது பக்கத்தில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. "அது நடுவுல மூக்கை நுழைக்கும்" என்பார். வைத்த பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். தொலைபேசி அடித்தால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கசப்பு ஏறும், நிற்கும், இறங்கும். கடைசியில் அடித்தொண்டையில் ஒரு நூலாக இழுபட்டு அறுந்துபோகும். அறுந்த நொடியில் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர் தியானத்தில் இருப்பதாக நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்துபோனதும் உண்டு.

மருத்துவமனை முழுக்க அவருக்கு டூப்பு அண்ணன் என்றுதான் பெயர். சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிற ஆளை டூப் என்பார்கள் அல்லவா, அதுபோல மருந்துக்குப் பதிலாக மனிதர் வயிற்றுக்குள் குதிக்கிற பொருளைச் செய்கிறவர் அவர். ஒரு மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு மருந்தையும் பாதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கிற வெறும் பொருளையும் கொடுப்பார்கள். யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. எந்த டப்பாவில் எது என்ற பட்டியல் ஓர் இரும்பு அலமாரியிலும், அவருடைய தலைக்குள்ளும் மட்டும் இருக்கும். மாத்திரை என்றால் வேலை சுலபம். மாவு, நிறம், அச்சு, முடிந்தது. பொடியும் திரவமும்தான் உயிரை வாங்கும். நாக்கை ஏமாற்ற வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் அவர் பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து பெயர்த்த நகத்தளவு சில்லைக் கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று நிற்பார்கள். பழைய சுவரில் புதுப் பூச்சு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபடி கலந்து கொடுத்துவிடுவார். அந்தக் கடை முதலாளியின் தம்பி மருத்துவமனை மருந்துக்கூடத்தில் இருந்தார். அப்படித்தான் வண்ணம் போய் வாசனையும் ருசியும் வந்தன. வீட்டில் அவர் மனைவி, தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்க்கிறவர், கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் கேட்பார்:

"இதுல நிக்கறது நீங்கதானா, இல்ல அன்னைக்கும் டூப்பு விட்டீங்களா?"

நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு ஒரே ஒரு கர்வம்தான். இருபத்திரண்டு சோதனைகள், ஒன்றில்கூட யாரும் அவருடைய போலியை அடையாளம் கண்டதில்லை.

அந்தக் கர்வத்துக்குத்தான் சோதனை வந்தது, எட்டுச் சரக்குப் பொடி என்ற ரூபத்தில்.

மருத்துவமனையின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே பிரிவுக்குப் பக்கத்தில், மூலிகை வைத்தியத்துக்கென்று ஓர் அறை இருந்தது. அறுபது வயது வைத்தியர் அம்மா அதில் இருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து நெஞ்சு வரை அடைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பொடி கொடுப்பார். சுக்கு, ஓமம், இன்னும் ஐந்து சரக்குகள், எட்டாவதாக ஒரு கசப்பு வேர். அந்த வேரை மட்டும் மூன்று கொதி கொதிக்கவிட்டு, சாற்றை வற்றக் காய்ச்சி, உலர்த்தி, மற்ற ஏழுடன் சேர்த்து இடிப்பார். நான்காவது மாடியில் இருந்த குடல் டாக்டருக்கு அதில் நம்பிக்கை பாதிதான். ஆனால் ஆர்வம் முழுதாக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அறுபது நோயாளிகளை வைத்துச் சோதிப்பது என்று முடிவானது.

நிர்வாகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. பொடியில் ஒன்றும் இல்லை என்று வந்தால், அந்த அறையை எக்ஸ்ரே பிரிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். எக்ஸ்ரேக்காரர்கள் அப்போதே ஒரு தடவை வந்து நாடாவைப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள்.

டூப்பு அண்ணன் போலி செய்யத் தொடங்கினார். நிறம் இரண்டு நாளில் வந்தது, வாசனை ஒரு வாரத்தில். கசப்புதான் பிடி கொடுக்கவில்லை. ஆலையிலிருந்து வரும் கசப்புத் தூளைச் சோள மாவில் கலந்தால், நுனி நாக்கில் சுள்ளென்று வந்து இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. வேரின் கசப்போ, கூச்சப்பட்ட விருந்தாளி மாதிரி மெதுவாக உள்ளே வந்து, உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. கடிகாரத்தில் பதினோரு நிமிடம். ருசி பார்க்க ஆறு பேரை வைத்திருந்தார்கள். ஐந்து முறை கொடுத்தார். ஐந்து முறையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான மருத்துவமனை உணவகச் சமையல்காரர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்:

"என்ன டூப்பு, உன் கசப்பு டவுன் பஸ் மாதிரி. ஏறுறதுக்குள்ள இறக்கி விட்டுடுது."

அது அவரைத் தைத்தது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு மதியம் வைத்தியர் அம்மாவின் காய்ச்சும் அறைக்கு எதற்கோ போனபோது, வாளியில் வேர்ச்சக்கை கிடந்ததைப் பார்த்தார். மூன்று கொதி வெந்து, பிழிந்து, வெளுத்துப்போன நார். ஒரு நாரை எடுத்து இடது ஓரத்தில் வைத்தார். கசப்பு பலமில்லாமல்தான் வந்தது. ஆனால் வந்தது, உட்கார்ந்தது, நூலாக இழுபட்டது.

"அம்மா, இந்தச் சக்கையில இன்னும் ஏதாவது இருக்குமா?"

"மூணு கொதி முடிஞ்சாச்சு தம்பி. இனி செடிக்குத்தான் போடணும்."

"கொஞ்சம் எடுத்துக்கவா?"

"வீட்டுல ரோஜா வெச்சிருக்கியா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

ரோஜா வைத்திருக்கவில்லை. சக்கையை உலர்த்தி மாவாக அரைத்து, ஆலைத் தூளோடு சேர்த்துப் போலியில் கலந்தார். முன் கசப்புக்கு அது, பின் கசப்புக்கு இது. கடிகாரத்தைப் பார்த்தார்: பதினோரு நிமிடம், சில நொடிகள் குறைவு. ஆறாவது முறை ஆறு பேருக்கும் கொடுத்தார்கள். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று அட்டவணை வந்தது. செய்முறைத் தாளில் "கசப்பேற்றி" என்ற வரிக்கு எதிரே அவர் அளவை மட்டும் எழுதினார். என்ன பொருள் என்று எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சத்தெல்லாம் போன சக்கைக்கு என்ன பெயர் எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பெயின்ட் கடையில் எந்தச் சாயத்தில் எத்தனை சொட்டு விட்டேன் என்று யாரும் கேட்டதில்லையே.

சோதனை தொடங்கியது. சோதனை நாட்களில் நான்காவது மாடி, குழந்தைகள் இல்லாத பிறந்தநாள் விழா மாதிரி இருக்கும். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தரம் வெள்ளிநிறப் பைகளை ஊதிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட்ட முட்டையும் ரொட்டியும் வயிற்றை விட்டு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அந்த மூச்சில் கண்டுபிடிப்பார்கள். நடுநடுவே நர்ஸ் இரத்தம் எடுத்து உடனே பனிக்கட்டியில் புதைப்பார். "சீக்கிரம் சீக்கிரம், இது ஐஸ்க்ரீமை விட மோசம், அதுக்குள்ள உருகிடும்" என்று ஓடுவார். முட்டை எல்லாத் தட்டிலும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்பதில் சமையல்காரருக்குத்தான் தீராத கோபம். "உப்பு போடாதேங்கறாங்க, மிளகு போடாதேங்கறாங்க. இதுக்கு நான் எதுக்கு, தராசே சமைச்சுக்கலாமே" என்பார்.

இரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று டூப்பு அண்ணன் ஒருமுறை கேட்டபோது குடல் டாக்டர் காகிதத்தில் ஒரு பை வரைந்து, அதிலிருந்து தலைக்கு ஒரு கோடு இழுத்தார்.

"வயிறு சும்மா ஒரு சாக்குப்பைன்னு நெனச்சிட்டிருக்கோம். அது நாள் முழுக்கக் கடிதம் எழுதிட்டே இருக்கு. கிரெலின்னு ஒண்ணு, 'பசிக்குது'ன்னு மூளைக்கு எழுதும். மோட்டிலின்னு ஒண்ணு, 'பந்தி முடிஞ்சுது, கூட்டிப் பெருக்கு'ன்னு குடலுக்கு எழுதும். இந்த நோயாளிங்க சிலருக்கு அந்தத் தபாலே தாறுமாறா இருக்கு. பொடி அதைச் சரி பண்ணுதான்னு பார்க்கறோம்."

அவர் இதை வீட்டில் சொன்னபோது மனைவி பெருமையாகத் தலையாட்டினார். "பாத்தீங்களா, வயித்துக்குள்ளயும் எங்க டிபார்ட்மென்ட்தான்."

அந்த அறுபது பேரில் முப்பத்தொன்றாம் எண், அவர் தினமும் வேலைக்கு வருகிற பேருந்தின் ஓட்டுநர். மூன்று வாய்க்கு மேல் உள்ளே போகாது. பெல்ட்டில் புதிது புதிதாகத் துளை போட்டுக்கொண்டே வந்தவர். இன்னும் இளைத்தால் வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. ஐந்தாவது வாரம் ஒரு காலை, இவர் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடி வழியாகவே சிரித்தார்.

"அண்ணே, நேத்து ஒரு தட்டு முழுசா சாப்பிட்டேன். என் பொண்டாட்டி தட்டைக் கவுத்துப் பாக்கறா, கீழே கொட்டிட்டனான்னு!"

"அப்படியா, நல்லது நல்லது" என்று சொல்லிவிட்டு டூப்பு அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தொன்றாம் டப்பா போலி. அவர் கையால் நிரப்பியது. சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மாவைத் தின்றே ஒரு மனிதர் தேறிவிட்டாரே, நம் மாவு அப்படி.

பன்னிரண்டு வாரம் முடிந்து கணக்குப் போட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேல் தேறியிருந்தார்கள். போலி சாப்பிட்டவர்களிலும் பாதிக்கு மேல் தேறியிருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. விதிப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான்: வைத்தியர் அம்மாவின் பொடி மாவுக்குச் சமம்.

கூட்டம் நடந்த அறையில் டூப்பு அண்ணன் கடைசி நாற்காலியில் இருந்தார். வைத்தியர் அம்மா தாளை இரண்டு தரம் படித்து, மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை.

"முப்பது வருஷமா மாவைத்தான் குடுத்திட்டிருந்தேன் போல" என்றார். "பரவாயில்ல, சுக்கு வாசனையாவது இருந்துச்சு."

குடல் டாக்டர் மட்டும் சுவரில் விழுந்த வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணுதான் இடிக்குது. மனசு நம்புனா வலி குறையும், சாப்பாடு இறங்கும், எல்லாம் சரி. ஆனா இங்க பாருங்க, போலி சாப்பிட்டவங்க இரத்தத்துலயும் இந்த வளைவு அதே நிமிஷத்துல ஏறி, அதே நிமிஷத்துல இறங்குது. நிழல் மாதிரி. நம்பிக்கை இவ்ளோ கச்சிதமா கடிகாரம் பார்த்து வேலை செய்யுமா?"

வளைவு மெதுவாக ஏறி, நின்று, இறங்கி, ஒரு நூலாக இழுபட்டு முடிந்தது. அந்த வடிவம் டூப்பு அண்ணனுக்குத் தெரியும். இத்தனை நாளாக அவர் நாக்கில் பார்த்துக்கொண்டிருந்த வடிவம்.

அன்று பேருந்தில் ஓட்டுநர் சிரிக்கவில்லை. சோதனை முடிந்து டப்பா நின்றுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. "பழையபடி மூணே வாய்தான் அண்ணே. அந்தப் பொடி கொஞ்சம் கிடைக்குமா? நீங்க உள்ளதானே வேலை பாக்கறீங்க?" என்றார். பெல்ட் மறுபடி புதிய துளையில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இதுவரை பட்டியலை மட்டும்தான் அவர் வாய் திறந்து சொன்னதில்லை. இப்போது சக்கையைப் பற்றிச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"சரி, அந்த அம்மா மருந்துல இருக்கறதும் அந்த வேர். உங்க மாவுல இருந்ததும் அந்த வேர்."

"சக்கைதான்..."

"சக்கையோ சதையோ. விலாசம் சரியா இருந்தா தபால் போய்ச் சேரும். கிழிஞ்ச கவர்ல வந்துதா, புதுக் கவர்ல வந்துதான்னு வாங்கறவன் பாப்பானா?"

மனைவி அடுத்த துணியை எடுத்தார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"மாசக்கணக்கா பண்ணுன வேலை வீண். அறுபது பேர் ஊதின மூச்சு வீண். என் பேரு..."

"சொல்லாட்டி?"

"அறை எக்ஸ்ரேக்குப் போயிடும். அந்தப் பொடி மாவுன்னு காலத்துக்கும் எழுத்துல நிக்கும்."

மனைவி கடைசித் துணியை மடித்து அடுக்கின் மேல் தட்டி வைத்தார். "அனுப்பினவர் பேரு எழுதாத பார்சல் எங்ககிட்ட வந்தா தனியா எடுத்து வெச்சிடுவோம். ஒரு வாரம் பாப்போம், யாராவது வந்து 'அது என்னுது'ன்னு சொல்றாங்களான்னு. பெரும்பாலும் யாரும் வரமாட்டாங்க. நீங்க போங்க."

மறுநாள் காலை அவர் வாய் கொப்பளிக்கவில்லை. நேராகத் தரைத்தளத்துக்குப் போனார். வைத்தியர் அம்மா அலமாரியில் இருந்த டப்பாக்களை அட்டைப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எங்க வீட்டுல ரோஜா இல்ல."

"என்ன தம்பி?"

"சக்கை கேட்டேனே. செடிக்கு இல்ல. போலிப் பொடியில போட்டேன். கசப்பு நிக்கறதுக்காக."

வைத்தியர் அம்மா கையில் இருந்த டப்பாவைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். சக்கையில் ஒன்றுமில்லை என்று சொன்னது தானேதான் என்பது அவருக்கும் அந்த நொடியில் நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உட்காரு. எவ்வளவு போட்டே?" என்றார். அவர் அளவைச் சொன்னார். வைத்தியர் அம்மா விரல்விட்டு எதையோ எண்ணி, பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். ஒரே ஒரு டப்பாவைத்தான். "வா, மேல போலாம். நானும் வரேன்."

குடல் டாக்டர் கத்தினார். நான்காவது மாடியில் காத்திருந்தவர்களெல்லாம் ஏதோ புதுச் சோதனை என்று நினைத்திருப்பார்கள்.

"அறுபது பேர்! பன்னிரண்டு வாரம்! ஒரு வரி எழுதறதுக்கு என்னய்யா கேடு உமக்கு? வெறும் பொருள்னா வெறும் பொருள். அதுல உம்ம கைவேலையைக் காட்டச் சொன்னது யாரு?"

"தப்புதான் டாக்டர்."

"தப்புதான்னு ஒரு வார்த்தையில... கையெழுத்துப் போட்ட தாளுய்யா அது!"

"எழுதிக் குடுத்துடறேன். யாருக்கு எழுதணும்னு சொல்லுங்க."

டாக்டர் ஜன்னல் வரை நடந்தார். திரும்பி வந்தார். மேசையில் கிடந்த வரைபடத்தை எடுத்தார். கோபம் எந்த இடத்தில் தீர்ந்து ஆர்வம் எந்த இடத்தில் தொடங்கியது என்று டூப்பு அண்ணனால்கூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை; பழைய சுவரும் புதுப் பூச்சும் மாதிரிதான் அது நடந்தது.

"அப்ப இது நிழல் இல்ல" என்றார் டாக்டர், தனக்குத்தானே. "இது ஆளேதான்." பிறகு வைத்தியர் அம்மாவைப் பார்த்தார். "அம்மா, கசப்பைக் கண்டுபிடிக்கற ஏற்பிகள் நாக்குல மட்டும் இல்ல, குடல்லயும் இருக்கு. அதுவரைக்கும் தெரிஞ்ச விஷயம்தான். உங்க எட்டுச் சரக்குல வேலை செய்யறது எட்டுமா, இந்த ஒண்ணா?"

"எட்டும் வேணும்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார் வைத்தியர் அம்மா. "ஆனா தனித்தனியா யாரும் கேட்டுப் பாக்கல. கேட்டுப் பாக்கலாம்."

எழுத்து மூலமான கண்டனம் வந்தது. பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பு ஒரு வருடத்துக்கு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. முதல் சோதனை செல்லாது என்று அறிவித்தார்கள். செல்லாத சோதனையை வைத்து ஓர் அறையை மூட முடியாது அல்லவா; எக்ஸ்ரேக்காரர்களை இன்னொரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். அவர்கள் தங்கள் நாடாவைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் சோதனை சிறியது. இருபத்து நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் மூன்று விதக் குப்பி மாத்திரைகள், அதாவது கேப்சூல்கள்: ஒன்றில் எட்டுச் சரக்கும், ஒன்றில் வேர் மட்டும், ஒன்றில் மாவு மட்டும். குப்பி மாத்திரை என்பதால் நாக்குக்கு எதுவுமே தெரியாது, கரைவது வயிற்றில்தான். ருசி இல்லாத போலி செய்வது டூப்பு அண்ணனுக்குப் பெரும் சங்கடமாக இருந்தது. குச்சியும் கடிகாரமும் சும்மா கிடந்தன. மாவுக் குப்பிகளுக்கான செய்முறைத் தாளில் அவர் மூன்று பக்கம் எழுதினார். சோளம் எந்த ஆலையில் அரைக்கப்பட்டது, மூட்டை எந்தத் தேதியில் பிரிக்கப்பட்டது, அன்று மழை பெய்ததா என்பது வரை இருந்தது. நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, சோளத்தோட ஜாதகத்தை மட்டும் விட்டுட்டீங்க" என்றார்.

முடிவு வந்த அன்று அவர் கடைசி நாற்காலியில் உட்காரவில்லை; உட்காரப் பொறுமை இல்லாமல் கதவோரம் நின்றார். மாவு மட்டும் கொடுத்த நாட்களில் கோடு படுத்தே கிடந்தது. வேர் மட்டும் கொடுத்த நாட்களில் எழுந்து, நின்று, நூலாக இறங்கியது. எட்டும் கொடுத்த நாட்களில் அதே வளைவு, இன்னும் கொஞ்சம் நீளமாக நின்றது. மூச்சுப் பைகளும் ஏறக்குறைய அதையே சொல்லின. நாக்கைச் சுற்றிக்கொண்டு போன கசப்பையும் குடல் கண்டுகொண்டிருந்தது.

"இருபத்து நாலு பேர்ல பார்த்தது" என்று குடல் டாக்டர் எச்சரித்தார். "இதை வெச்சு யாரும் தோரணம் கட்டிட வேண்டாம். வேர் ஏதோ செய்யுது, அவ்வளவுதான் சொல்லலாம். மத்த ஏழு என்ன செய்யுதுன்னு இன்னும் தெரியாது. பெருசா ஒண்ணு பண்ணித்தான் பாக்கணும்."

"பண்ணுங்க" என்றார் வைத்தியர் அம்மா. "அறை இருக்கும்ல?"

அறை இருந்தது. இன்னும் இருக்கிறது. ஓட்டுநர் முறைப்படி சீட்டு எழுதி வாங்கி அங்கே போய்ப் பொடி சாப்பிடுகிறார். முழுத் தட்டு எல்லா நாளும் இல்லை. முக்கால் தட்டு பெரும்பாலும். பெல்ட்டில் பழைய துளைகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். தகுதித் தேர்வில் தேறிய அன்று பேருந்தில் ஏறிய டூப்பு அண்ணனைப் பார்த்து, "உங்க புண்ணியம்" என்றார். "என் புண்ணியம்னு சொல்லாதீங்க, அது நீளமான கதை" என்றார் இவர். "ரூட்டும் நீளம்தானே அண்ணே, சொல்லுங்க" என்று ஓட்டுநர் வண்டியை எடுத்தார். கடைசி நிறுத்தம் வருவதற்குள் ஓட்டுநருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணாடி வழியாக இவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் சாப்பிட்டது செடிக்குப் போடற சக்கையா?"

"ஆமா."

"அதுலயே முழுத் தட்டு இறங்குச்சே!"

வெளியான அறிக்கையில் டூப்பு அண்ணனுக்கு ஒரு வரி உண்டு. "போலிப் பொருள் தயாரிப்பில் நேர்ந்த, தயாரித்தவரே தெரிவித்த ஒரு பிழையின் காரணமாக இக்கேள்வி எழுந்தது." அவர் மனைவி அந்தத் தாளைத் தபால் நிலையத்துக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினார். பிழை என்ற சொல்லுக்காக இல்லை. தயாரித்தவரே தெரிவித்த என்ற சொற்களுக்காக.

இதெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, முதல் சோதனையின் பழைய கோப்புகளைக் கட்டிவைக்கும்போதுதான் ஒன்று தெரிய வந்தது. ருசி பார்த்த ஆறு பேரின் சீட்டுகளும் அதில் இருந்தன. சீட்டில் மூன்று கட்டங்கள்தான்: முதலாவது அசல், இரண்டாவது அசல், தெரியவில்லை. பேசக்கூடாது, கட்டத்தில் குறி மட்டும் போட வேண்டும் என்று அறுவரிடமும் சொல்லியிருந்தார்கள். ஆறாவது முறை கொடுத்தபோது ஐந்து பேர் "தெரியவில்லை" என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். ஆறாவது சீட்டில் எந்தக் கட்டத்திலும் குறி இல்லை. அதனால் அதையும் தெரியவில்லை என்றே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஓரத்தில், எண்ணெய்க் கறை படிந்த விரல் தடத்தோடு, உணவகச் சமையல்காரரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

"ரெண்டுலயும் ஒரே வேர்தான். ஒண்ணுல சாறு, ஒண்ணுல சக்கை."